வண்டி கிடைச்ச பிறகுதான் செலவே ஆரம்பிக்குது

(1)
பைக் திருட்டு பத்தி ஒரு நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. முடிஞ்சா சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

"இது போலீஸ் மேட்டராச்சே, டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான்.

நான் மங்கலம்பேட்டை பக்கத்து ஆளு. அரசு மருத்துவமனையில வேலை பாக்கறேன். எங்க ஓபிக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் பைக்லதான் வர்றாங்க. அந்த பைக் காணாம போனா அடுத்த மாசம் ஓபில அவங்களையும் காணோம். அதனால இது என் மேட்டரும்தான்.

(2)
எங்க ஊர் இருக்கற இடத்தை முதல்ல சொல்லிடறேன்.

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவுல மங்கலம்பேட்டை. ஒரு பக்கம் ரயில்வே ஜங்ஷனும் பீங்கான் தொழிற்பேட்டையும். இன்னொரு பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. சுத்தி முந்திரிக் காடும் கிராமங்களும்.

பீங்கான் யூனிட்ல ஷிஃப்ட்டுக்குப் போறவருக்கு கடைசி பஸ் கணக்கு ஒத்து வராது. முந்திரி உடைக்கப் போற அக்காவை விடியக்காலையில கொண்டு போய் விட வண்டி வேணும். ராத்திரி குழந்தைக்கு வீசிங் வந்தா முதல்ல எடுக்கறது பைக்கைத்தான்.

108 இருக்கு, நல்லா வேலை செய்யுது. ஆனா 108 அவசரத்துக்கு. கட்டு மாத்த, மாசாந்திர சுகர் மாத்திரை வாங்க, டிபி மாத்திரை வாங்க, ஸ்கேன் எடுக்க... இதுக்கெல்லாம் வீட்டு வாசல்ல நிக்கற அந்த பத்து வருஷப் பழைய நூறு சிசி வண்டிதான்.

(3)
ஒரு குடும்பத்தோட கணக்கைச் சொல்றேன். பேர், ஊர், எந்த மருத்துவமனைங்கறதெல்லாம் வேண்டாம்.

ஒரு அண்ணன். பீங்கான் யூனிட்ல தினக்கூலி. அம்மாவுக்கு சுகர், கால்ல புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பைக்ல கூட்டிட்டு வந்து கட்டு மாத்திட்டுப் போவாரு. அப்படி வந்த ஒரு நாள், ஒரு மருத்துவமனை வாசல்ல நிறுத்தின வண்டி போயிடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு வேற மாவட்டத்துல வண்டி கிடைச்சது. எல்லாரும் "அதிர்ஷ்டக்காரன்யா"ன்னாங்க.

அந்த அதிர்ஷ்டத்துக்கு அவர் கொடுத்த விலை, அவரே நோட்டுல எழுதி வச்சிருந்தது:

வண்டியை மினி லாரியில ஏத்தி வர: 1,500
லாக் செட்: 1,100
வயரிங் கிட், கூலியோட: 2,400
பேட்டரி: 1,300
கோன் செட், கூலியோட: 900
கார்பரேட்டர் சர்வீஸ், ஆயில்: 700
பின் டயர்: 1,900
கோர்ட்ல வண்டி எடுக்க ஆன செலவு: 3,000
ஸ்டேஷன், கோர்ட், மெக்கானிக்னு அலைஞ்ச 9 நாள் கூலி: 5,400

மொத்தம் 18,200 ரூபாய். அந்த வண்டியை அன்னிக்கு வித்திருந்தா 25 ஆயிரம் தேறும். அவ்ளோதான்.

(4)
இந்த நோட்டுல எழுதாத ஒரு செலவு இருக்கு.

அந்த ரெண்டு மாசம் அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரல. வாரத்துக்கு ஒரு தடவை வந்தாங்க. ரெண்டு வாரம் வரவே இல்ல. புண் எலும்பு வரைக்கும் போயிடுச்சு. ஒரு விரலை எடுக்க வேண்டியதாச்சு.

வண்டி இருந்திருந்தா விரல் தப்பிச்சிருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. சுகர் புண் அப்படிப்பட்டது. ஆனா கட்டு ஒழுங்கா மாத்தியிருந்தா வாய்ப்பு அதிகம்னு எந்த டாக்டரும் சொல்லுவாங்க.

(5)
இந்த த்ரெட்ல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்.

பைக் திருட்டுல தடுப்பு மலிவு, சிகிச்சை காஸ்ட்லி. ஆனா நம்ம மக்கள் காசு போடற இடம் பெரும்பாலும் வேற. கத்தற அலாரத்துக்கு ரெண்டாயிரம் கொடுக்கறோம். சில நூறு ரூபாய் இன்சூரன்ஸை புதுப்பிக்க மறந்துடறோம். சைலன்ஸர் மாத்தறோம். ஆர்.சி.ல பேர் மாத்தறதில்ல.

பூட்டு பாதி வேலைதான் செய்யும். மீதி பாதியை பேப்பர் செய்யும். ரெண்டையும் பார்ப்போம்.

(6)
முதல்ல பூட்டு.

பைக் திருடன் பெரிய கில்லாடின்னு நினைச்சுக்காதீங்க. பெரும்பாலும் அவன் ஒரு அவசரக்காரன். வரிசையா நிக்கற முப்பது வண்டில எது சீக்கிரம் வரும்னு பாக்கறான். உலகத்துலயே உடைக்க முடியாத வண்டியா நம்ம வண்டி இருக்கத் தேவையில்ல. பக்கத்துல நிக்கறதை விட கூட ரெண்டு நிமிஷம் பிடிச்சாலே போதும்.

அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் நாம காசு கொடுத்து வாங்கறோம். இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாருங்க.

(7)
ஹேண்டில் லாக்: கம்பெனி கொடுக்கறது. கட்டாயம் போடணும். ஆனா உள்ள இருக்கறது ஒரு சின்ன கம்பிதான். இதை மட்டும் நம்பாதீங்க.

பழைய சாவி ஓட்டை: இதை யாரும் பேச மாட்டாங்க. எட்டு பத்து வருஷம் ஓடின வண்டில லாக் உள்ள தேஞ்சு போயிருக்கும். உங்க வீட்டு இன்னொரு வண்டி சாவியைப் போட்டுப் பாருங்க, சில சமயம் திரும்பிடும். அப்படித் திரும்பினா எந்த அலாரமும் வாங்கறதுக்கு முன்னாடி லாக் செட்டை மாத்துங்க. நூறு சிசி வண்டிக்கு சுமார் ஆயிரம் ரூபாய் முன்ன பின்ன ஆகும்.

செயின் லாக்: 300 முதல் 600 ரூபாய்க்குள்ள நல்லதே கிடைக்கும். சக்கரத்துக்குள்ள மட்டும் போட்டா வண்டியைத் தூக்கி வண்டியில வச்சிடலாம். கம்பம், கிரில், ரெண்டு வண்டி சேர்த்து... ஏதாவது ஒண்ணோட சேர்த்துப் பூட்டுங்க. என்னைக் கேட்டா சாமானிய மக்களுக்கு முதல் மருந்து இதுதான்.

(8)
டிஸ்க் லாக்: கைக்கு அடக்கமா இருக்கும். ஆனா ரெண்டு விஷயம்.

ஒண்ணு, உங்க வண்டில டிஸ்க் பிரேக் இருக்கணும். கிராமத்துல ஓடற பாதி வண்டி டிரம் பிரேக்தான். மாட்ட இடமே இருக்காது.

ரெண்டு, போட்டதை மறந்துட்டு வண்டியைக் கிளப்பினா முன் சக்கரம் டக்குனு நிக்கும். ஆள் முன்னாடி போய் விழுவாரு. மணிக்கட்டு உடையற மாதிரியான விழுகை அது. டிஸ்க், கேலிப்பர் ரெண்டும் சேர்ந்து போகும். கலர் கயிறு ஒண்ணு ஹேண்டில் வரைக்கும் கட்டற மாதிரி வருது. அது இல்லாம டிஸ்க் லாக் வாங்காதீங்க.

(9)
அலாரம்: ஐசியுல வேலை பார்த்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மானிட்டர் ஓயாம கத்திக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல காது அதைக் கேக்கறதை நிறுத்திடும். நிஜமான ஆபத்துல கத்தும்போதும் யாரும் திரும்ப மாட்டாங்க. இதை அலாரம் சோர்வுன்னு சொல்லுவோம்.

பைக் அலாரமும் அதே கதை. லாரி போனா கத்தும், நாய் உரசினா கத்தும். பஸ் ஸ்டாண்டுல ஒரு வண்டி கத்தினா எத்தனை பேர் எட்டிப் பாக்கறோம்? "யாரு வண்டிப்பா, அதை நிறுத்துங்கப்பா"ன்னு திட்டறோம். அவ்ளோதான்.

இன்னொரு பிரச்சனை, வெளிக்கடையில மாட்டும்போது வயரை வெட்டி ஒட்டுவாங்க. மழைக்காலத்துல ஷார்ட் ஆகும். புது வண்டின்னா எலெக்ட்ரிக்கல் வாரண்டி போயிடலாம். மாட்டறதுக்கு முன்னாடி ஷோரூம்ல கேட்டுக்கோங்க.

(10)
ஜி.பி.எஸ்: சுமார் 1,500 முதல் 3,000 வரை, அதுக்கு மேல வருஷா வருஷம் சிம் ரீசார்ஜ். ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இது திருட்டைத் தடுக்காது. திருடு போனதைத் தேட உதவும். சிம் காலாவதி ஆனா அதுவும் இல்ல. வண்டி வாரக்கணக்குல நின்னா பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும்.

போன்ல புள்ளி நகருதேன்னு நாலு பசங்களைக் கூட்டிட்டு நீங்களே துரத்திப் போகாதீங்க. லொகேஷனை போலீஸ்ட்ட கொடுங்க. வண்டியை மீட்கப் போய் கத்திக்குத்தோட கேஷுவாலிட்டிக்கு வர வேண்டாம்.

மறைவு ஸ்விட்ச்: நல்ல மெக்கானிக் சில நூறு ரூபாயில வச்சுக் கொடுப்பாரு. எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரியணும். பழைய வண்டிக்கு நல்ல வழி.

(11)
இப்போ யாரும் எதிர்பார்க்காத ஒரு செக்யூரிட்டி டிவைஸ். ஹெல்மெட்.

சிரிக்காதீங்க. இது கிரிமினாலஜி படிக்கறவங்க அடிக்கடி சொல்ற உதாரணம்.

மேற்கு ஜெர்மனியில 1980-ல ஹெல்மெட் போடலைன்னா அங்கேயே ஃபைன்னு கொண்டு வந்தாங்க. உயிரைக் காப்பாத்தத்தான் கொண்டு வந்தாங்க. ஆனா கூடவே இன்னொண்ணு நடந்தது. 1980-ல வருஷத்துக்கு சுமார் ஒன்றரை லட்சமா இருந்த பைக் திருட்டு, 1986-ல 54 ஆயிரம் அளவுக்கு வந்துடுச்சு. மூணுல ஒரு பங்கு!

காரணம் ரொம்ப எளிமை. பாதி திருட்டு திட்டம் போட்டு நடக்கறதில்ல. கண்ணுல பட்டதும் எடுத்துட்டுப் போறது. அப்படி எடுக்கறவன் கையில ஹெல்மெட் இருக்காது. எல்லாரும் ஹெல்மெட் போட்டு ஓட்டற ரோட்டுல, வெறும் தலையோட போறவன் தனியா தெரிவான். போலீஸ் நிறுத்துவாங்க.

(12)
நம்ம ஊர்ல என்ன நிலைமை? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டுல ஹெல்மெட் கட்டாயம்னு அழுத்தமா வந்தது. 2022 அக்டோபர்ல இருந்து ஃபைன் 1,000 ரூபாய்.

ஆனா விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை ரோட்டுல நின்னு பாருங்க. வெறும் தலைதான் வழக்கம், ஹெல்மெட் விதிவிலக்கு. அந்தக் கூட்டத்துல திருடனும் நம்மள்ல ஒருத்தனா கலந்து போயிடறான்.

ஹெல்மெட் செக்கிங்னா "வசூல்"னு கோவப்படறோம். அதே செக்கிங்தான் நம்ம வண்டிக்கும் காவல். தலையும் தப்பும், வண்டியும் தப்பும். ஒரு டாக்டரா எனக்கு இதை விட சந்தோஷமான புள்ளிவிவரம் கிடையாது.

ஒரு சின்ன விஷயம்: ஹெல்மெட்டை வண்டி மேல தொங்க விட்டுட்டுப் போகாதீங்க. திருடனுக்கு நீங்களே யூனிஃபார்ம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

(13)
இப்போ பேப்பர். இதுதான் இந்த த்ரெட்டோட முக்கியமான பகுதி.

"எனக்கு அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு சார்"னு சொல்ற நிறைய பேருக்கு, திருட்டுக்கு இன்சூரன்ஸே கிடையாது. தெரியுமா?

2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலர் வாங்கினா அஞ்சு வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்கான பணம். உங்க வண்டி திருடு போனா அதுல ஒரு பைசா வராது.

திருட்டுக்குப் பணம் தர்றது 'ஓன் டேமேஜ்'. ஷோரூம்ல பெரும்பாலும் இதை ஒரு வருஷத்துக்குத்தான் போட்டுக் கொடுப்பாங்க. ரெண்டாவது வருஷம் நாமதான் புதுப்பிக்கணும். பாலிசி பேப்பர்ல "2029 வரை"ன்னு ஒரு தேதியைப் பார்த்துட்டு நிம்மதியா தூங்கிடறோம்.

(14)
உடனே உங்க பாலிசியை எடுங்க. ரெண்டு தேதி இருக்கும். ஒண்ணு மூன்றாம் நபர், ஒண்ணு ஓன் டேமேஜ். ரெண்டாவது தேதி முடிஞ்சிருந்தா தனியா ஓன் டேமேஜ் மட்டும் எடுக்கலாம். 2019 செப்டம்பர்ல இருந்து இந்த வசதி இருக்கு. சாதாரண நூறு சிசி வண்டிக்கு பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

முழு விலை வருமான்னா, வராது. ஐ.டி.வி.ன்னு ஒரு தொகை போட்டிருப்பாங்க. அதுதான் உச்சம். வண்டி வயசுக்குத் தகுந்து குறையும். ரெண்டுல இருந்து மூணு வருஷம்னா 30 சதவீதம் கழிப்பாங்க. மூணுல இருந்து நாலுன்னா 40. நாலுல இருந்து அஞ்சுன்னா 50. 80 ஆயிரம் மதிப்புள்ள வண்டி நாலாவது வருஷம் ஓடும்போது காணாம போனா கணக்கு 48 ஆயிரம். புது வண்டி வராது. ஆனா ஃபைனான்ஸ் கடன் பாக்கியை அடைக்கலாம். வண்டி போனாலும் ட்யூ நிக்காது, அதை மறக்காதீங்க.

(15)
இன்னும் சில நுணுக்கங்கள்.

பேட்டரி மட்டும், கண்ணாடி மட்டும் திருடு போனா டூவீலர் பாலிசில பொதுவா கிளெய்ம் கிடையாது. வண்டியோட சேர்ந்து போனாத்தான்.

வண்டி திரும்பக் கிடைச்சு ரிப்பேர் செலவு கேட்டா, ஓன் டேமேஜ்ல கிடைக்கும். ஆனா டயர், டியூப், பேட்டரி, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு பாதிதான். அதையும் ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடியே கம்பெனிக்குச் சொல்லணும். சர்வேயர் பார்த்த பிறகுதான் கை வைக்கணும். நாமளே சரி பண்ணிட்டு பில்லை நீட்டினா சண்டைதான் வரும்.

ரெண்டு சாவியையும் கேப்பாங்க. ரெண்டாவது சாவியை இன்னிக்கே தேடி பீரோல வைங்க.

அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 2.5 சதவீதம் தள்ளுபடின்னு மோட்டார் கட்டண விதியில இருக்கு. 800 ரூபாய் பிரீமியத்துக்கு அது 20 ரூபாய். ரெண்டு டீ குடிக்கலாம். அதை நம்பி ரெண்டாயிரம் ரூபாய் கருவி வாங்காதீங்க.

(16)
அடுத்தது ஆர்.சி. பேர்.

நம்ம பக்கம் பாதி வண்டி செகண்ட் ஹேண்ட். மச்சான்கிட்ட வாங்கினது, கூட வேலை செய்யறவர்கிட்ட வாங்கினது. பேர் மாத்தறதே இல்ல. "அவரு தெரிஞ்சவருதான் சார்."

திருடு போன அன்னிக்குத்தான் இது நோய்னு தெரியும். இன்சூரன்ஸ் பணம் பழைய ஓனர் பேர்ல இருக்கற பாலிசிக்கு. உங்களுக்கு வராது. கோர்ட்ல வண்டியை ஆர்.சி. ஓனர்கிட்டதான் கொடுப்பாங்க. அவர் திருப்பூர்லயோ துபாய்லயோ இருந்தா வண்டி ஸ்டேஷன்லயே கிடக்கும்.

வித்தவருக்கும் ஆபத்து இருக்கு. 2018-ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.ல பேர் இருக்கறவர்தான் விபத்துக்குப் பொறுப்பு. வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கும், 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும்னு சட்டம் இருக்கு.

(17)
செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு இன்னொரு வார்த்தை. "பேப்பர் அப்புறம் தரேன், வண்டியை எடுத்துட்டுப் போ"ன்னு பாதி விலைக்கு யாராவது சொன்னா, அது யாரோ ஒரு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன வண்டியா இருக்கலாம். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, தெரிஞ்சிருக்க வேண்டிய நிலையிலயோ வாங்கினா அது பி.என்.எஸ். 317-படி குற்றம். மூணு வருஷம் வரைக்கும் சிறை.

இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒப்பிட்டுப் பாருங்க. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டின்னா கழட்ட முடியாத பூட்டோட, லேசர் எண் போட்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கணும். அது இல்லாம சாதா பிளேட் இருந்தா ஏன்னு கேளுங்க.

(18)
வண்டி திருடு போயிடுச்சு. அன்னிக்கு என்ன பண்ணணும்?

முதல்ல, ரெண்டு நாள் நாமளே தேடிப் பாக்கறதெல்லாம் வேண்டாம். அன்னிக்கே புகார். மங்கலம்பேட்டை கடலூர் மாவட்டம், அடுத்து இருக்கற உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டம். கொஞ்ச நேரத்துல வண்டி மாவட்டம் தாண்டிடும்.

"இது எங்க லிமிட் இல்ல"ன்னு திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். 173-படி, குற்றம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம். மின்னணு முறையிலயும் அனுப்பலாம், ஆனா மூணு நாளுக்குள்ள போய் கையெழுத்து போடணும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

(19)
சி.எஸ்.ஆர். ரசீது வேற, எஃப்.ஐ.ஆர். வேற. இது நிறைய பேருக்குத் தெரியல. மனு வாங்கினதுக்கான ரசீதுதான் சி.எஸ்.ஆர். அதை வச்சு இன்சூரன்ஸ் வாங்க முடியாது.

டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் வரைக்கும் முதல்கட்ட விசாரணை நடத்த புது சட்டத்துல இடம் இருக்கு. அதுக்கு மேலயும் எஃப்.ஐ.ஆர். போடலைன்னா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்பலாம். அங்கயும் ஆகலைன்னா மாஜிஸ்திரேட்.

அதே நாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க. லேட்டா சொன்னாங்கற ஒரே காரணத்துக்காக கிளெய்மை மறுத்தா விட்டுடாதீங்க. 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு டிராக்டர் திருட்டு வழக்குல சொல்லியிருக்கு: எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தா, கம்பெனிக்குத் தாமதமா சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாதுன்னு.

எஃப்.ஐ.ஆர். இன்னொரு விதத்துலயும் உங்க கவசம். திருடினவன் அந்த வண்டியால யாரையாவது இடிச்சுட்டுப் போனா, எங்க கேஷுவாலிட்டில ஏ.ஆர். என்ட்ரி போடுவோம். போலீஸ் வண்டி நம்பரை வச்சு உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. அதுக்கு முந்தின தேதியில எஃப்.ஐ.ஆர். இருந்தா நீங்க தைரியமா பேசலாம்.

(20)
வண்டி கிடைச்சாச்சு. இப்போ?

ஸ்டேஷன் வாசல்ல கொடி படர்ந்து கிடக்கற பைக்குகளைப் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு மழையும் உங்க வண்டில ஆயிரம் ரூபாயைத் தின்னும். அப்படிக் கிடக்கணும்னு சட்டம் சொல்லல.

கைப்பற்றின வண்டிகளை ஸ்டேஷன்ல நீண்ட காலம் போட்டு வைக்கக் கூடாதுன்னு 2002-லயே உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல சொல்லிடுச்சு. இப்போ பி.என்.எஸ்.எஸ். 497-ல காலக்கெடுவே இருக்கு. பொருள் கோர்ட்டுக்கு முன்னாடி வந்த 14 நாளுக்குள்ள விவரப் பட்டியல், போட்டோ அல்லது வீடியோ. அதுக்கு அப்புறம் 30 நாளுக்குள்ள உத்தரவு.

நீங்க செய்ய வேண்டியது, வண்டியைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போடணும். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல், அடையாள அட்டை வேணும். விக்க மாட்டேன், நிறம் மாத்த மாட்டேன், கூப்பிட்டா கொண்டு வருவேன்னு உறுதி எழுதிக் கொடுக்கற மாதிரி இருக்கும்.

வக்கீல் செலவுக்கு வழி இல்லையா? வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்க. இலவச எண் 15100. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், வருமானம் குறைஞ்சவங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பாங்க. மேல சொன்ன அண்ணனோட நோட்டுல இருந்த அந்த 3,000 ரூபாய் இல்லாமலே முடிஞ்சிருக்கக் கூடியது. யாரும் அவருக்குச் சொல்லல.

(21)
கிடைச்ச சந்தோஷத்துல வண்டியை ஓட்டிட்டு வராதீங்க. இது டாக்டரா சொல்றேன்.

மாசக்கணக்குல மழையில நின்ன வண்டில பிரேக் இறுகியிருக்கும், இல்லைன்னா பிடிக்கவே பிடிக்காது. ஹேண்டில் லாக்கை உடைச்ச வேகத்துல கோன் செட் அடி வாங்கியிருக்கலாம். ஸ்பீடு எடுத்ததும் ஹேண்டில் ஆடும். வயரை இழுத்து விட்டிருந்தா நடு ரோட்டுல லைட் அணையும்.

ஏத்திட்டு வந்து மெக்கானிக்கிட்ட முதல்ல இந்த வரிசையில பாக்கச் சொல்லுங்க: பிரேக், ஹேண்டில், டயர், வயரிங். அப்புறம்தான் இன்ஜின். பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம். காசு கம்மியா இருக்கும்போது எதை முதல்ல சரி பண்றோங்கறதுலதான் உயிர் இருக்கு.

பழைய லாக் செட்டைத் தட்டி சரி பண்ணிக் கொடுக்கறேன்னா வேண்டாம்னு சொல்லுங்க. பீங்கானைப் பத்தி விருத்தாசலத்துக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. விரிசல் விட்டதை ஒட்டினா பார்க்க நல்லா இருக்கும், பாரம் வச்சா தெரிஞ்சிடும்.

(22)
கடைசியா, எங்க பக்கத்துப் பொறுப்பு.

"பூட்டாம விட்டது உன் தப்பு"ன்னு வண்டியை இழந்தவர்கிட்ட சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். நெஞ்சு வலிக்குதுன்னு அப்பாவைப் பின்னாடி உக்கார வச்சு கூட்டிட்டு வர்றவன், கேஷுவாலிட்டி வாசல்ல சாவியை வண்டிலயே விட்டுட்டுத்தான் உள்ள ஓடி வருவான். அவன் சரியாத்தான் செய்யறான். முதல் அரை மணி நேரம் அவன் அப்பா பக்கத்துல இருக்கணும். வண்டியைப் பார்த்துக்கறது வேற யாரோட வேலையோ.

வார்டுல அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறிட்டிருக்கும்போது மணிக்கு ஒரு தடவை வெளியே போய் வண்டியைப் பாத்துட்டு வர்ற அட்டெண்டர்களை தினமும் பாக்கறேன். நோயாளி கூட இருக்க வேண்டியவர், வண்டிக்குக் காவல் இருக்கார்.

(23)
இதுக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்ல. எந்த அரசு மருத்துவமனையிலயும் செய்யக் கூடியது:

கேஷுவாலிட்டி வாசல்ல நிக்கற செக்யூரிட்டி, அவசரத்துல விட்ட சாவியை எடுத்து டோக்கன் போட்டு வைக்கணும்.
இரவு தங்கற அட்டெண்டர்களுக்கு தனியா வெளிச்சமான இடம். வண்டிக்கு டோக்கன்.
வண்டி வெளியே போக ஒரே வழி. அந்த வழியில நம்பர் பிளேட் தெரியற உயரத்துல ஒரு கேமரா.
கம்பம் நட்டு ஒரு நீளமான இரும்புக் குழாய், செயின் போட்டுப் பூட்ட.

காசு வாங்கற ஸ்டாண்டுகளுக்கும் ஒரு வார்த்தை. டோக்கன் பின்னாடி "வண்டி ஓனர் பொறுப்பு"ன்னு அச்சடிச்சுட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கறாங்க. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல்ல 1998-ல திருடு போன ஒரு கார் வழக்குல, 2019 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, அப்படி அச்சடிச்சு வச்சு தன் அலட்சியத்துல இருந்து தப்பிக்க முடியாதுன்னு. அது சாவியை ஒப்படைச்ச வாலே பார்க்கிங் வழக்கு, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனா காசு வாங்கிக்கிட்டு, டோக்கன் கொடுத்துட்டு, கையை விரிச்சா நுகர்வோர் ஆணையத்துல கேக்கலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. டோக்கனைத் தொலைச்சுடாதீங்க.

(24)
சுருக்கமா, காசு கம்மியா இருக்கறவங்களுக்கு என்னோட பிரிஸ்கிரிப்ஷன். இந்த வரிசையிலயே செய்யுங்க:

1. ஓன் டேமேஜ் இன்சூரன்ஸ் புதுப்பிக்கறது.
2. ஆர்.சி. உங்க பேருக்கு மாத்தறது.
3. தேஞ்ச லாக் செட்டை மாத்தறது.
4. ஒரு நல்ல செயின் லாக்.
5. காசு மிஞ்சினா மறைவு ஸ்விட்ச், அதுக்கு மேல மிஞ்சினா ஜி.பி.எஸ்.

ஹெல்மெட்டை இந்த லிஸ்ட்ல போடல. அது வண்டி வாங்கும்போதே வாங்க வேண்டியது.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். சட்ட விஷயத்துல உங்க ஊர் வக்கீல் சொல்றதுதான் இறுதி.

இதை உங்க ஊர் வாட்ஸப் குரூப்ல போடுங்க. போடறதுக்கு முன்னாடி எழுந்து போய் பாலிசி பேப்பர்ல அந்த ரெண்டாவது தேதியைப் பாத்துட்டு வந்துடுங்க.